யாரை வேண்டுமானாலும் அனுப்பு, சகலையை அனுப்பாதே

முதலில் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டுப் பெருமாளின் கருணையை மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். என் வயிற்றுக்குள் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார் என்று ஊரைக் கூட்டிக் காட்டியவன் அடியேன்.

போன மார்கழியில் ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கு மேலே ஒரு துடிப்பு. நான் ஒல்லி. எலும்புக்கு மேல் தோலைப் போர்த்தி, கழன்று விழாமலிருக்கப் பூணூலால் கட்டிவைத்த மாதிரி இருப்பேன். அதனால் துடிப்பு கண்ணுக்கே தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வயிற்றின் மேல் வைத்தால் அது தாளம் தப்பாமல் ஆடும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பான். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். இங்கே ஒருவர் படுத்தபடியே உலகத்தை ஆளுகிறார். அவர் நாபியிலிருந்து சிருஷ்டியே உண்டாயிற்று என்று வருஷம் முழுக்கக் காலட்சேபத்தில் கேட்கிறோம். அடியேனும் படுத்திருக்கிறேன். அடியேனுக்கும் நாபிக்கருகே ஏதோ துடிக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்? உள்ளே உறைகிற அந்தர்யாமிதான்!

என் மனைவி அலமேலு, "ஏன்னா, வாயுவா இருக்கும், ஓமத் தண்ணி குடிங்கோ" என்றாள். உனக்கு பக்தி போறாது என்று அவள் வாயை அடைத்தேன். நம் சனிக்கிழமைப் பாசுர கோஷ்டியில் விஷயத்தைச் சொன்னேன். இதைப் படிக்கிற உங்களில் சிலர் மேலச் சித்திரை வீதிக்கு வந்து என் வயிற்றைச் சேவித்துவிட்டுப் போனவர்கள். ஒருவர் துளசி சாத்தினார். இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெயர்களை எழுதப்போவதில்லை, தைரியமாக மேலே படியுங்கள்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாளைக்கே உமக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று வீடு வீடாகப் போய் அடுத்தவனைப் பயமுறுத்தியே சாப்பிட்டவன். எனக்கு ஏதாவது ஆகும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

அலமேலு இந்தக் கூத்தைத் தன் தங்கை வைதேகியிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறாள். வைதேகி அதைத் தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அங்கேதான் வினை.

வைதேகியின் வீட்டுக்காரர், அதாவது என் சகலை, பெயர் பத்ரி. தில்லை நகரில் ரேடியாலஜி டாக்டர். ஸ்கேன் பார்ப்பதோடு, தொடையில் துளை போட்டு ரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைப்பு நீக்குகிற வேலையும் அவருக்குத் தெரியும். இப்போது மரியாதையாக எழுதுகிறேன். இதெல்லாம் நடக்கும் வரைக்கும் அவர் எனக்கு ஜெல் வைத்தியர்தான். கல்யாண வீடுகளில் எல்லார் காதிலும் விழும்படி, "பெரிய படிப்பு படிச்சு வயித்துல பசை தடவறார்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அதனாலேயே மறுபடி சொல்வேன்.

அது பரிகாசத்தோடு நிற்கவில்லை. மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனபோது ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "கணையத்துல கட்டி, நாள் அதிகமில்லை" என்று பத்ரி உள்ளதைச் சொன்னார். அப்படியே ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இவர் வாய் வெச்சதாலதான் மாமனார் போனார்" என்றேன். இலையை விட்டு எழுந்த பத்ரி, "எழவு வீட்டு வாசல்ல நின்னு பாலிசி விக்கற ஆளோட எனக்கென்ன பேச்சு" என்று சொல்லிவிட்டுக் கையலம்பப் போனார். அன்றோடு பேச்சு அறுந்தது. அக்கா தங்கை மட்டும் தாயார் சன்னிதியில் சந்தித்துக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போம். கோபுரத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

அப்பேர்ப்பட்டவர் தை பிறந்ததும் ஒரு காலை வேளையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே நான் மல்லாந்து கிடக்கிறேன். மூன்று அடியார்கள் சுற்றி உட்கார்ந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் எழுந்து வெளில போங்கோ" என்றார் பத்ரி.

"என் ஆத்தைவிட்டு யார் போகணும்னு நான் சொல்லணும்" என்றேன், படுத்தபடியே.

"அப்ப சொல்லுங்கோ. சீக்கிரம் சொல்லுங்கோ."

"வெறுங்கையோட வந்திருக்கீரே ஓய், சேவிக்க வரவா துளசியாவது கொண்டு வருவா."

பத்ரி முழங்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு கை விரல்களையும் என் தொப்புளுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தார். துடிப்புக்குத் துடிப்பு அவர் விரல்கள் விலகின, சேர்ந்தன, விலகின. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, இவருக்கு ஒரு சட்டை எடுத்துண்டு வாங்கோ. கார்ல ஏறணும்."

"நான் வரமாட்டேன். உம்ம வாயால செய்தி கேட்கவா? மாமனார் கேட்டது போதும்" என்றேன்.

"வராட்டா இங்கயே கேளுங்கோ. உள்ள இருக்கறது பெருமாள் இல்லை. இருதயத்துலேர்ந்து கீழே இறங்கற பெரிய ரத்தக் குழாய். வீங்கியிருக்கு. வெடிச்சா நீங்க காவிரிப் பாலம் தாண்டமாட்டேள்."

அடியார்கள் மூன்று பேரும் எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியவில்லை. துளசி மட்டும் வயிற்றில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

தில்லை நகரில் அவருடைய ஸ்கேன் அறையில் படுத்தேன். நான் வருஷக்கணக்கில் கேலி செய்த அதே பசையை என் வயிற்றில் தடவினார். சில்லென்றிருந்தது. கருவியை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம். கட்டை விரல் பருமன் இருக்க வேண்டிய குழாய், சாத்துக்குடி அளவுக்குப் புடைத்திருந்தது. அலமேலுவைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தைத் திருப்பி நானே பார்த்துக்கொண்டேன். என் அந்தர்யாமி!

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தக் குழாய் அறுவை சிகிச்சை டாக்டர் ஜெசிந்தா என்று ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். கண்டிப்பான அம்மா. என் சிரிப்புத் துணுக்குகள் எதற்கும் அவர் உதடு அசையவில்லை. வயிற்றைத் திறந்து குழாயை மாற்றலாம், ஆனால் எனக்கே தெரியாமல் ஏற்கெனவே ஒரு தடவை அடி வாங்கியிருந்த என் இருதயம் தாங்காது என்றார். இன்னொரு வழி, தொடை வழியாக ஒரு துணிக் குழாயை மடித்து அனுப்பி, வீங்கிய இடத்துக்குள்ளே விரித்துவிடுவது. பழைய பைப்புக்குள் புதுப் பைப்பு. ஆனால் உள்ளே வழி தெரிய சாயம் ஏற்றி எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அந்தச் சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாது.

"உங்க கிட்னி ஏற்கெனவே பாதிதான் ஐயா வேலை செய்யுது. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க இத்தனை நாளா?"

முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகளைச் சொன்னேன். கோவிலில் கோஷ்டியோடு நிற்க வேண்டுமே என்று விழுங்கியது. அப்படிச் சொன்னால் இரக்கப்படுவார் என்று நினைத்தேன்.

"சாமி உங்களை மாத்திரை முழுங்கிட்டு நிக்கச் சொன்னாரா? உக்காந்து கும்பிட்டா வேணாம்னுடுவாரா?" என்றார்.

சாயம் ஏற்றினால் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் ஆகலாம். ஏற்றாவிட்டால் குழாய் எந்த நிமிஷமும் வெடிக்கலாம். தும்மப் பயம். குனியப் பயம். மலச்சிக்கல் என்றால் மரண பயம். அலமேலு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிப்பு வரவில்லை.

அப்போது டாக்டர் ஜெசிந்தா ஒரு யோசனை சொன்னார். வெளியே வயிற்றில் வைத்துப் பார்க்கிறோமே அல்ட்ராசவுண்ட், அதையே ஊசி முனை மாதிரி சின்னதாக்கி ஒரு கம்பியின் நுனியில் வைத்திருக்கிறார்கள். அதைக் குழாய்க்குள்ளேயே அனுப்பினால் உள்ளிருந்தபடி சுற்றிலும் படம் காட்டும். எங்கே வீக்கம் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, சிறுநீரகத்துக்குப் பிரிகிற கிளைகள் எந்த இடத்தில், எல்லாம் தெரியும். சாயம் அநேகமாக வேண்டாம்.

"பண்ணிடலாமே டாக்டர்!" என்றேன்.

"பண்ணலாம். ஆனா அந்தப் படத்தைச் சரியா படிக்கணும். நாலு மில்லிமீட்டர் தப்பினா கிட்னிக்குப் போற வாசலை நாமளே அடைச்சிடுவோம். நான் குழாயை வைக்கிறேன். படம் படிக்க, இந்த ஊர்ல நான் நம்புற ஆள் ஒருத்தர்தான்."

யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அவர் கையால பிழைக்கறதைவிட நான் நேரே பரமபதம் போறேன்" என்றேன்.

"போங்க. போறதுக்கு முன்னாடி இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா.

அன்று சாயங்காலம் பெரிய பெருமாளிடம் போனேன். நீங்களெல்லாம் உருகிப் பிரார்த்திப்பீர்கள். நான் சண்டைக்குப் போனேன். வரிசையில் நகர்ந்துகொண்டே மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதத்தை அடுக்கினேன். இத்தனை வருஷம் உனக்காக நின்ற கால் இது, நீ கொடுத்த முட்டி வலி, அதற்கு நான் தின்ற மாத்திரை, அதனால் போன சிறுநீரகம். ஆக, குற்றவாளி நீ. உயிரைக் கொடு. சிறுநீரகத்தையும் கொடு. யாரை வேண்டுமானாலும் அனுப்பு. இந்தச் சகலையை மட்டும் அனுப்பாதே.

சன்னிதி வந்தது. நம் ஊர் தரிசனம் உங்களுக்குத் தெரியாததல்ல. வருஷம் பூராவும் அடுக்கிவைத்த வேண்டுதலுக்குக் கண் இமைக்கிற நேரம்தான் கிடைக்கும். அதற்குள் முன்னே இருப்பவர் முதுகும் பின்னே இருப்பவர் முழங்கையும் போக மிச்சம்தான் பெருமாள். உள்ளே கால் வைத்தேன். விளக்கொளியில் திருமுகம் தெரிந்தது. வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"அந்த பத்ரி இருக்கானே, பெருமாளே! பந்தியில எல்லார் முன்னாடியும் என்னை என்ன சொன்னான் தெரியுமா? அந்த பத்ரி..."

"நகருங்க, நகருங்க, பெரியவரே நகருங்க!" என்று ஒரு கை என் தோளைப் பிடித்துத் தள்ளியது. அவ்வளவுதான். வெளியே வந்து விழுந்தேன்.

பிராகாரத்தில் நடக்கும்போதுதான் உறைத்தது. உயிரைக் கேட்கப் போனவன், உயிரைக் கேட்கவே இல்லை. சிறுநீரகத்தைக் கேட்கவில்லை. கிடைத்த அந்த ஒரு நொடியில் ஜென்ம விரோதியின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உலகத்தில் எவனாவது கோவிலுக்குப் போய் எதிரிக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வருவானா? திரும்பி ஓடினேன். திரை போட்டாகிவிட்டது. நைவேத்தியம் முடிந்துதான் திறப்பார்களாம்.

காத்திருக்கத் தெம்பில்லை. தாயாரிடம் போய்ச் சொல்லிப் பார்ப்போம், அம்மா சொன்னால் அப்பா கேட்பார் என்று தாயார் சன்னிதிக்கு நடந்தேன். அங்கே தூணோரம் அலமேலுவும் வைதேகியும் உட்கார்ந்திருந்தார்கள். அலமேலு அழுதுகொண்டிருந்தாள். வைதேகி என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சாதுவான பெண். கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"அத்திம்பேர், உங்க நாக்குக்கு ஒரு ஆபரேஷன் இருந்தா அதை மொதல்ல பண்ணிக்கோங்கோ."

"என்னம்மா இது, கோவில்ல நின்னுண்டு..."

"கோவில்லதான் சொல்லுவேன். சாயம் ஏத்தாம எடுத்த உங்க சி.டி. ஸ்கேன் படத்தை வெச்சுண்டு எங்காத்துக்காரர் சரியா சாப்பிடறதில்லை. காகிதத்துல உங்க குழாயை வரைஞ்சு வரைஞ்சு பார்க்கறார். நீங்க வேண்டாம்னு சொன்னேள்னு தெரிஞ்சதும் என்ன பண்ணினார் தெரியுமா? மெட்ராஸ்லேர்ந்து வேற ஒருத்தரை வரவழைக்கறேன், நான் அறைக்கு வெளிலயே நிக்கறேன், அவருக்குக் கோபம் வரவேண்டாம், அந்தக் குழாய் கோபத்தைத் தாங்காதுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கார்."

"என் மேலே அவருக்கு என்ன அவ்வளவு கரிசனம்?"

"கரிசனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உங்களைக் கண்டா அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. எங்கக்கா நெத்தில குங்குமம் இருக்கணும், அதுக்காகத்தான்."

அவள் மூச்சு வாங்கினாள். அலமேலு அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நான் தாயாரைப் பார்த்தேன். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வைதேகி வாயால் சொல்லியாகிவிட்டது என்று பட்டது. சன்னிதியில் சொன்ன பெயரைப் பெருமாள் காதில் வாங்கிக்கொண்டுவிட்டார். இனி நான் மறுத்துப் பயனில்லை.

"சரி, அவரையே வரச் சொல்லு. ஆனா நான் அவரோட பேசமாட்டேன்" என்றேன்.

"அதுதான் வேணும். பேசவே பேசாதேங்கோ" என்றாள் வைதேகி.

மாசியில் ஒரு காலையில் சிகிச்சை நடந்தது. இருதயம் இருக்கிற லட்சணத்துக்கு முழு மயக்கம் வேண்டாம் என்று இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தார்கள். ஆகவே முழு நினைவோடு கிடந்தேன். குளிரோ குளிர். தலைக்கு மேலே எக்ஸ்ரே கருவி, பக்கத்தில் திரைகள். டாக்டர் ஜெசிந்தா தொடைப் பக்கம். பத்ரி திரைக்கு எதிரே. முகக்கவசத்துக்கு மேலே அவருடைய நெற்றியில் திருமண் மட்டும் தெரிந்தது.

பேசமாட்டேன் என்ற சபதம் சில நிமிஷம்தான் தாங்கியது. பயம் வந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"டாக்டரம்மா, உள்ள போறதுதான் போறேள், அப்படியே என் மாமனார் எனக்குப் போட்ட மோதிரம் கிடைக்கறதா பாருங்கோ. கல்யாணமான புதுசுல ஏதோ ஞாபகத்துல முழுங்கிட்டேனோன்னு ஒரு சந்தேகம்."

"டாக்டர், அவர் வாய்க்கும் மரக்க ஒரு ஊசி இருந்தா போடுங்கோ" என்றார் பத்ரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீர் உம்ம படத்தைப் பாரும் ஓய்!"

"பார்த்துண்டுதான் இருக்கேன். உங்க வாயைவிட உங்க உள்புறம் அழகா இருக்கு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். ஜெசிந்தா அம்மா, "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்று அதட்டினார். கம்பி உள்ளே ஏறியது. திரையில் சாம்பல் நிற வளையம் ஒன்று தோன்றியது. என் ரத்தக் குழாயை உள்ளேயிருந்து பார்த்த காட்சி. கம்பியை இழுக்க இழுக்க வளையம் விரிந்தது, சுருங்கியது. பத்ரியின் குரல் மாறிவிட்டது. பந்தியிலும் என் வீட்டிலும் கேட்ட குரல் இல்லை அது. கோஷ்டியில் பாசுரம் எடுத்துக் கொடுப்பவர் மாதிரி நிதானம்.

"கீழே வாங்கோ. இன்னும் கொஞ்சம். நில்லுங்கோ. இது வலது கிட்னி வாசல். குறிச்சுக்கோங்கோ. இன்னும் கீழே. ம். இது இடது."

துணிக் குழாய் மடித்த நிலையில் மேலே போயிற்று. அதை விரித்துவிட்டால் திரும்ப மடிக்க முடியாது. விரித்தது விரித்ததுதான். டாக்டர் ஜெசிந்தா, "வெச்சுடலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்றார் பத்ரி.

"ஏன்? சி.டி.ல பார்த்த இடம்தானே?"

"சி.டி.யில சாயம் இல்லை, மங்கல். நாம நினைச்சதைவிட இடது வாசல் கீழே இருக்கு. இப்ப வெச்சா அதை மூடிடுவோம். கம்பியை இன்னொரு தடவை அனுப்புங்கோ."

"பிரஷர் ஏறுது சார். ரொம்ப நேரம் எடுத்துக்க முடியாது."

"தெரியும். அனுப்புங்கோ."

 யார் சொல்வது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? என் உயிரும், வாழ்நாள் முழுக்க என் சிறுநீரும், அந்தச் சாம்பல் வளையத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்ணில் தொங்கின. என் பரம விரோதியின் கண். அப்போதுதான் ஐயா, என் வாழ்க்கையில் உண்மையாக ஒரு பிரார்த்தனை பண்ணினேன். வாதம் இல்லை, வக்கீல் வேலை இல்லை. ரங்கா, அந்தக் கண்ணுக்குள்ளே நீ இரு. பத்ரி கண்ணைக் காப்பாத்து. எனக்கென்று ஒன்றும் கேட்க வரவில்லை. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. ஆசை தீரும் மட்டும் கேட்டேன்.

கம்பி மறுபடி ஏறியது. வளையம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்பு வாய் திறந்தது. எனக்கே தெரிந்தது.

"இதோ" என்றார் பத்ரி.

டாக்டர் ஜெசிந்தா குனிந்து பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். "ஆமா சார். கீழேதான் இருக்கு" என்றார். துணிக் குழாயை இறக்கினார்கள். இழை இழையாக இறக்கினார்கள். "போதும். இப்ப விடுங்கோ" என்றார் பத்ரி. விரித்தார்கள். முதுகுக்குள்ளே யாரோ குடை பிரித்த மாதிரி இருந்தது. அல்லது அப்படி இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேன். கடைசியில் சரிபார்க்க ஒரு சின்னக் கரண்டிச் சாயம் மட்டும் விட்டார்கள்.

மறுநாள் நர்ஸ் வந்து, கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா போவுது ஐயா" என்றாள். நான் கை கூப்பினேன். வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறக்கும்போதுகூட எனக்கு அவ்வளவு கண்ணீர் வந்ததில்லை. அந்தப் பெண் பயந்துபோய், "வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கலையம்மா, வருதே அது போதும் என்றேன்.

அடியார்களே, இப்போது நான் வாய்க்கு வந்த மாத்திரையை விழுங்குவதில்லை. கோஷ்டியில் கால் வலித்தால் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறேன். பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வயிறு பார்க்க யாராவது வந்தால் அலமேலு வாசலிலேயே விரட்டிவிடுகிறாள்.

சகலையோடு சமாதானம் ஆகிவிட்டது, இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவர் மூஞ்சியைப் பார்த்தால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் சேவிக்கும்போது அவர் கண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். முகம் பிடிக்காதவனுக்காக வேண்டிக்கொள்வது எப்படியிருக்கும் தெரியுமா? வேப்பம்பூ ரசம் மாதிரி. கசக்கும், ஆனால் உள்ளே போய் வேலை செய்யும்.

உங்களில் யாருக்காவது இப்போது நெருக்கடி இருக்கலாம். உடம்பாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். ரங்கன் கேட்கிறான், நம்புங்கள். நீங்கள் சொல்லத் தெரியாமல் சொன்னாலும், உளறினாலும், பாதியில் யாராவது தோளைப் பிடித்துத் தள்ளினாலும் கேட்கிறான். ஆனால் யார் மூலமாக அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு நிபந்தனை போடாதீர்கள். என்னைப் போலப் போட்டால், நீங்கள் வேண்டாம் என்கிற ஆளைத் தேடிப் பிடித்து அனுப்புவான். கூடவே, வயிற்றில் எதுவாவது துடித்தால் பெருமாள் என்று நினைப்பதற்கு முன் தயவுசெய்து ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

உள்ளே வைத்த குழாய் இடம் நகராமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். போன வாரம் தில்லை நகருக்குப் போனேன். ஆட்டோவில் பாலம் தாண்டும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். படுத்தேன். விளக்கை அணைத்தார்கள். பத்ரி கருவியை வைத்துத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பத்ரி, உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சன்னிதியில நான் உம்ம பேரைத்தான் சொன்னேன். பெருமாள்தான் உம்மை எனக்கு அனுப்பினார். இந்த உடம்புல மூச்சு இருக்கற வரைக்கும் நான் உமக்கு..."

"பேசாம கிடங்கோ. படம் ஆடறது."